நவம்பர் பையனும் ஜூன் பெண்ணும்: சாக்கர் வயதுப் பிரிவு மாறும்போது

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகன் 2015 நவம்பரில் பிறந்தவன், மகள் 2013 ஜூனில் பிறந்தவள். இருவரும் கிளப் சாக்கர் ஆடுகிறார்கள். 2026–27 சீசனிலிருந்து வயதுப் பிரிவுக்கான தேதி மாறுகிறதாம். மகனை இப்போதைய டீமிலேயே வைத்துக்கொள்ளத் தயார் என்கிறார் கோச். மகளின் டீம் இரண்டாக உடையும் போலிருக்கிறது. பிறந்த மாதம் உண்மையிலேயே இவ்வளவு முக்கியமா, அல்லது பெற்றோர் சொல்லும் சாக்கா?

பதில்:

சாக்கு இல்லை. விளையாட்டு ஆராய்ச்சியில் இந்த அளவுக்கு நாடு நாடாக, திரும்பத் திரும்ப உறுதியான விஷயங்கள் குறைவு. நான் டல்லாஸ் பக்கம் 12 வருடமாக வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை, மடக்கு நாற்காலியும் ஆரஞ்சு கோன்களும் எப்போதும் கார் டிக்கியில் கிடக்கும். போன முறை தேதி மாறியபோதும் களத்தில் இருந்தேன், இப்போது பழைய தேதி திரும்பி வரும்போதும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கட்-ஆஃப் என்றால் நம் ஆட்களுக்குப் பொறியியல் கலந்தாய்வு மதிப்பெண்தான் ஞாபகம் வரும். இங்கே அது ஒரு தேதி. அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிறந்த எல்லோரும் ஒரே பிரிவு, அவ்வளவுதான். அமெரிக்காவில் நெடுங்காலம் அது ஆகஸ்ட் 1 ஆக இருந்தது. 2015 ஆகஸ்டில் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு அதை ஜனவரி 1-க்கு மாற்றுவதாக அறிவித்தது. பல இடங்களில் 2016-லேயே மாறிவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் எல்லோருக்கும் கட்டாயமானது. ஃபிஃபாவின் இளையோர் போட்டிகள் ஜனவரி 1 கணக்கில் நடப்பதால் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். பிறந்த மாதத்தால் வரும் பாரபட்சத்தை எதிர்கொள்ள இது உதவும் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது காரணம் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

நடந்தது என்னவென்றால், ஒன்றாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் இரண்டு பையன்கள் சனிக்கிழமை வேறு வேறு டீமுக்குப் போனார்கள். ஆறு வயதுப் பிள்ளை சாக்கருக்கு வருவதே நண்பன் வருகிறான் என்பதற்காகத்தான். நண்பன் இல்லையென்றால் அவனும் இல்லை. பல வருடப் புலம்பலுக்குப் பிறகு, 2024 நவம்பரில் கூட்டமைப்பு "2026–27 முதல் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று உறுப்பு அமைப்புகளிடம் விட்டுவிட்டது. யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ மூன்றும் ஆகஸ்ட் 1-க்கே திரும்புகின்றன. தேசிய இளையோர் அணிகளுக்கு மட்டும் ஜனவரி 1 அப்படியே இருக்கும், ஏனென்றால் அது ஃபிஃபாவின் தேதி.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மகன் 2025–26 சீசனில் யு11 (11 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு; மற்ற யு எண்களும் இப்படித்தான்). அதாவது 2015 ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களோடு, 12 மாதத்தில் 11-வது மாதக்காரனாக ஆடினான். புதிய கணக்கில் 2026–27-இன் யு11 என்பது 2015 ஆகஸ்ட் 1 முதல் 2016 ஜூலை 31 வரை. ஆக, அவன் இன்னொரு வருடம் யு11-இலேயே, 9 பேர் ஆட்டத்திலேயே இருப்பான், இந்த முறை நான்காவது மாதக்காரனாக. மகள் யு13-இல் ஆறாவது மாதத்தில் இருந்தாள். இனி யு14 என்பது 2012 ஆகஸ்ட் முதல் 2013 ஜூலை வரை. அதில் அவள் 11-வது மாதம். அவளோடு ஆடிய ஆகஸ்ட்–டிசம்பர் பெண்கள் யு13-இலேயே தங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே ஒரு வருடம் யு14 ஆடி முடித்த 2012 ஆகஸ்ட்–டிசம்பர் பெண்கள் வருவார்கள்.

ஒரே வீட்டில் தம்பி முன்வரிசைக்குப் போகிறான், அக்கா கடைசி வரிசைக்கு வருகிறாள். இரண்டு பேரும் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. இந்த விஷயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: கோடு எங்கே விழுந்தாலும் அதன் ஒரு பக்கம் யாராவது மாட்டுவார்கள். (தேதியை நகர்த்துவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் வாத்தியாரே வயது சரியாக வருகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். என் பெரியப்பாவுக்குச் சான்றிதழில் ஒரு பிறந்தநாள், பாட்டி வாய்க்கணக்கில் ஒரு பிறந்தநாள்.)

இந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது? எட்டு வயதுப் பையனுக்கு 11 மாதம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். அந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். உயரம் மட்டுமில்லை. கோச் சொல்வதைக் கடைசிவரை கேட்பது, தன் இடத்தில் நிற்பது, கோல் போய்விட்டால் அழாமல் திரும்பி ஓடுவது, இதெல்லாமும் அந்த 11 மாதத்தில்தான் வருகிறது. பெரியவன் கண்ணில் படுகிறான். அவனை முதல் டீமில் போடுகிறோம். முதல் டீமுக்கு நல்ல கோச், கூடுதல் பயிற்சி, கடினமான எதிரணிகள். அடுத்த வருடம் பார்த்தால் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான்! கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு வடை, பாயசம் எல்லாம் சூடாக வருகிறது. கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும். அப்புறம் யார் தெம்பாக இருக்கிறார்கள் என்று பார்த்து அடுத்த விருந்துக்கு அழைக்கிறோம்.

நானும் இதைச் செய்தவன்தான். ஒருமுறை யு9 தேர்வில் மூன்று நாள் நோட்டும் பேனாவுமாக நின்று, மிகக் கவனமாக, யாருக்கும் சலுகை காட்டாமல் முதல் டீமை எடுத்தேன். பிறகு பதிவுப் படிவங்களை அடுக்கும்போது பார்த்தால், பெரும்பாலோர் வருடத்தின் முதல் நான்கு மாதத்தில் பிறந்தவர்கள். திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு காலண்டரைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"பெரிய பிள்ளைகள் நன்றாக ஆடினால் அவர்கள் திறமைசாலிகளாகவும் இருக்கலாமே?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் பெல்ஜியத்தைக் காட்டுவேன். அங்கே 1997 வரை கட்-ஆஃப் ஆகஸ்ட் 1. அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அமெரிக்கா இப்போது செய்வதற்கு நேர்மாறு. லூவன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஹெல்சனும் அவரது குழுவும் மாற்றத்துக்கு முந்தைய சீசனையும் பிந்தைய சீசனையும் ஒப்பிட்டார்கள். முந்தைய சீசனில் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்களில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். மறு சீசனில் அந்த இடத்தை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். ஒரு நாட்டின் திறமை ஒரே வருடத்தில் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குக் குடிபெயர முடியாது. கோடு நகர்ந்தது, பெரிய பிள்ளைகள் யார் என்பது மாறியது, 'திறமைசாலி' பட்டமும் கூடவே நகர்ந்தது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஏப்ரல் தொடங்கி முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம். இங்கிலாந்தில் கோடு செப்டம்பர் 1. ஹெல்சன் 2012-இல் மீண்டும் ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எடுத்து, 10 வருட ஆராய்ச்சி ஏதாவது மாற்றியிருக்கிறதா என்று பார்த்தார். மாறவில்லை.

ஒரே பிறந்தநாள் இரண்டு வேஷம் போடுவதற்கு அமெரிக்க அணி ஆட்டக்காரர் கிறிஸ்டியன் புலிசிச் நல்ல உதாரணம். 1998 செப்டம்பர் 18-இல் பிறந்தவர், பென்சில்வேனியாவில் ஆகஸ்ட் 1 கணக்கு இருந்த காலத்தில் வளர்ந்தவர். அந்தக் கணக்கில் அவர் தன் பிரிவின் இரண்டாவது மாதக்காரர், மூத்தவர்களில் ஒருவர். 2015 சிலி யு17 உலகக்கோப்பையில் ஆடியபோது ஜனவரி 1 கணக்கில் அதே பையன் ஒன்பதாவது மாதக்காரர்.

இதில் மிக வருத்தமான பகுதி தேர்வு அல்ல, விலகல். பெல்ஜியத்தில் ஹெல்சன் குழு 1998-லேயே காட்டியது: கோட்டுக்குக் கடைசியில் பிறந்த பையன்கள் 12 வயதிலிருந்தே ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள். யாரும் அவர்களை வெளியே போ என்று சொல்வதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, "எனக்கு சாக்கர் பிடிக்கவில்லை, கராத்தே போகட்டுமா" என்று கேட்பார்கள். பெற்றோரும் பிள்ளையின் விருப்பம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு சிக்கல். பிறந்த மாதத்தையும் உடல் முதிர்ச்சியையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கடிகாரம். பையன்களுக்கு வேகமாக வளரும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், பெண்களுக்கு 12-ஐ ஒட்டி. ஆனால் ஒருவனுக்கு 12-இலேயே வரும், இன்னொருவனுக்கு 16-இல். அப்போது வயதில் 11 மாத வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். டிசம்பரில் பிறந்து சீக்கிரம் வளர்ந்த பையன், அதே வருட ஜனவரியில் பிறந்து மெதுவாக வளரும் பையனைத் தோளால் தள்ளிவிட்டுப் போவான். சின்ன வயதில் ஆட்டிவைப்பது பிறந்த மாதம். 11, 12 வயதுக்கு மேல் முதிர்ச்சிக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் மகன் அந்த வாசலில் நிற்கிறான். மகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள்.

பெண்கள் சாக்கரில் பிறந்த மாதத்தின் பாதிப்பு பொதுவாகப் பையன்களைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் மகளின் 11-வது மாதத்தை நினைத்து நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவள் பருவமடைந்து வளரும் வேகம் எப்படி என்பதுதான் இப்போது களத்தில் அதிகம் தெரியும். திடீரென்று வளரும் மாதங்களில் கால் எங்கே போகிறது என்றே தெரியாமல் தடுமாறுவாள், முழங்காலுக்குக் கீழே வலி என்பாள். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதிர்ச்சியை வைத்தே பிரித்தால் என்ன என்று இங்கிலாந்தில் முயன்றார்கள். பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் குழு பிரீமியர் லீக்கோடு சேர்ந்து, எதிர்பார்க்கப்படும் முழு உயரத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எட்டிய பையன்களை மட்டும், வயதைப் பார்க்காமல், ஒன்றாக ஆடவிட்டது. பயோ-பேண்டிங் என்று பெயர். சீக்கிரம் வளர்ந்த பையன்கள் "இங்கே இடித்துத் தள்ள முடியவில்லை, யோசித்து ஆட வேண்டியிருந்தது" என்கிற விதமாகச் சொன்னார்கள். மெதுவாக வளர்பவர்கள் முதல்முறையாக ஆட்டத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த எதிர்கால உயரத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் காமிஸ்–ரோச் சூத்திரம், ஒஹாயோவில் நெடுங்காலம் நடந்த ஓர் ஆய்விலிருந்த வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகளின் அளவுகளிலிருந்து வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விதான். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டரில் அப்பா உயரம், அம்மா உயரம் போட்டுவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இன்னும் எளிமையானது, செலவே இல்லாதது. நெதர்லாந்தில் டேவிட் மான் என்ற ஆய்வாளரும் பிளூனி வான் ஹின்னெகனும் 2017-இல் வெளியிட்டார்கள். கால்பந்து ஸ்கவுட்டுகளிடம் (கிளப்புகளுக்காகத் திறமைசாலிகளைத் தேடிப் பிடிப்பவர்கள்) இளையோர் ஆட்டத்தைக் காட்டி, பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். வயது தெரியாதபோது வழக்கம்போல மூத்தவர்களுக்குச் சாய்வு. பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அப்போதும் சாய்வு போகவில்லை. கடைசியாக, வயது வரிசைப்படி பனியன் எண்களைக் கொடுத்து, அதை ஸ்கவுட்டுகளிடம் சொல்லியும் வைத்தார்கள். சாய்வு காணாமல் போனது. தேதியைக் காகிதத்தில் படிப்பது வேறு, ஓடுகிற பிள்ளையின் முதுகில் பார்ப்பது வேறு. அதைப் படித்த பிறகு நான் தேர்வு நாட்களில் பயிற்சி பனியன்களை வயது வரிசையில்தான் கொடுக்கிறேன். பெற்றோர் யாருக்கும் இது தெரியாது, தெரிந்தால் எண்ணை மாற்றித் தரச் சொல்வார்கள்.

"கடைசி மாதத்தில் பிறந்தவர்கள்தான் பிற்காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள்" என்று ஒரு பேச்சும் உண்டு. அதில் அரை உண்மை இருக்கிறது. ஆஷ்வொர்த், ஹெய்ன்டல்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2007-இல் ஜெர்மானியத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சம்பளத்தைப் பார்த்தபோது, கோட்டுக்குக் கடைசியில் பிறந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, சம்பளத்தில் கூடுதல். தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி மோதித் தேறியவர்கள் என்பதால் இருக்கலாம். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹாரி கேன் 1993 ஜூலை 28-இல் பிறந்தவர், இங்கிலாந்துக் கணக்கில் 11-வது மாதம். சிறுவனாக ஆர்சனல் கிளப்பின் இளையோர் அகாடமியில் ஒரே சீசன் இருந்துவிட்டு வெளியே அனுப்பப்பட்டவர். ஆனால் இந்தக் கதையை மகளிடம் ஆறுதலாகச் சொல்லும் முன் யோசியுங்கள். தேறியவர்களின் சம்பளம்தான் அந்தக் கணக்கில் இருக்கிறது. 12 வயதில் கராத்தேக்குப் போனவன் அதில் இல்லை.

மகன் விஷயம். இப்போதைய டீமிலேயே இருப்பது என்றால் அவன் யு12-இல், ஒரு பிரிவு மேலே ஆடுகிறான் என்று பொருள். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்த டீமும் அதே டீமாக இருக்காது. 2014 ஆகஸ்ட்–டிசம்பர் பையன்கள் அதற்குள் வருவார்கள். இதுவரை அதிகபட்சம் 10 மாதம் மூத்தவர்களோடு ஆடியவன், இனி 15 மாதம் மூத்தவர்களோடு ஆட வேண்டும். அவன் இப்போது பாதி ஆட்டத்துக்கு மேல் களத்தில் இருக்கிறானா, பந்து அவனிடம் வருகிறதா, ஆட்டம் முடிந்து காரில் ஏறும்போது பேசிக்கொண்டு வருகிறானா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் அந்த அழைப்பை யோசியுங்கள். இல்லையென்றால் கூச்சப்படாமல் யு11-க்கே விடுங்கள். என் கணக்கில் பெரும்பாலான நவம்பர் பையன்களுக்கு அதுதான் சரி. நண்பர்களை விட முடியவில்லை என்றால், மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் மேல் டீமோடு பயிற்சிக்கு வரலாமா என்று கோச்சிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். செப்டம்பரில் அவன் திடீரென்று டீமின் நட்சத்திரம் ஆகக்கூடும். கேப்டன் பட்டைகூட வரலாம். அதில் கொஞ்சம் அவனுடைய உழைப்பு, கொஞ்சம் ஆகஸ்ட் 1. வேகத்தாலும் உயரத்தாலும் கோல் அடிக்க ஆரம்பித்தால் இடது காலைத் தொடவே மாட்டான். 15 வயதில் மற்றவர்களும் வளர்ந்து நிற்கும்போது அது தெரியும். அந்த வருடம் முழுக்க இடது கால் பயிற்சியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மகளுக்கு இந்த மாற்றத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. காலண்டர் ஆண்டு முறையில் ஒரு டீமில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பள்ளி அணியில் ஆடும்போது, செப்டம்பர்–டிசம்பர் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே நிற்பார்கள், அந்த மாதங்களில் ஆட டீமே இருக்காது. டெக்சஸில் பள்ளி சாக்கர் குளிர்காலத்தில் வருவதால் ஜனவரியில் இந்தக் கூத்து நடக்கும். இனி அவள் டீமில் அநேகமாக எல்லோரும் ஒரே வகுப்பு, ஆகஸ்ட் மாதப் பிள்ளைகள் சிலரைத் தவிர. (இங்கே பள்ளிக்கான தேதி செப்டம்பர் 1 என்பதால் அப்படி. நியூயார்க் நகரத்தில் பள்ளிக் கணக்கு டிசம்பர் 31. அங்கே பழைய முறைதான் பள்ளியோடு ஒத்துப்போனது. அங்கிருக்கும் உங்கள் உறவினர்கள் வேறு பாட்டுப் பாடுவார்கள்.) கல்லூரி கோச்சுகளும் எந்த வருடம் பள்ளி முடிக்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள், எந்த வருடம் பிறந்தாள் என்று அல்ல. புதிதாக வரும் மூத்த பெண்களால் அவள் இரண்டாவது டீமுக்குப் போக நேர்ந்தால், முதல் டீமின் பெஞ்சைவிட இரண்டாவது டீமின் நடுக்களம் நல்லது என்பது என் அனுபவம்.

ட்ரையவுட் (டீம் தேர்வு) முடிந்ததும் டீம் பட்டியல் மின்னஞ்சலில் வரும், பிள்ளைகள் அதைப் பெற்றோருக்கு முன்பே போனில் பார்த்துவிடுவார்கள். அதற்கு முந்தின வாரமே மகளிடம் பேசிவிடுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்த தோழிகள் யு13-க்குப் போவது அவர்கள் ஆட்டத்தாலும் இல்லை, இவள் ஆட்டத்தாலும் இல்லை, தேதியால் என்று. அப்படியே அந்தத் தோழிகளின் அம்மாக்களிடம் கார்பூலைத் தொடர முடியுமா என்றும் கேளுங்கள். ஒரே கிளப் என்றால் யு13-க்கும் யு14-க்கும் பல நேரம் ஒரே மாலையில், பக்கத்துப் பக்கத்து மைதானத்தில்தான் பயிற்சி இருக்கும்.